ரோபோவுக்கு எந்தக் கண்ணை மாட்டலாம்?

"மனிதக் கண்ணையே மிஞ்சும் செயற்கைக் கண்" என்று வருஷத்துக்கு நாலு செய்தியாவது வந்துவிடுகிறது. ஒருமுறை வளைந்த விழித்திரை, இன்னொரு முறை இருட்டுக்குச் சட்டென்று பழகும் சென்சார், அடுத்த முறை மின்சாரமே வேண்டாத லென்ஸ். ரோபோ கட்டுகிறவர்களுக்கு இதையெல்லாம் படித்த பிறகு மிஞ்சுவது ஒரே கேள்விதான்: சரி, நான் எதை வாங்கி மாட்டுவது?

ஒரு வேலையை வைத்துக்கொண்டு பேசினால்தான் ஒப்பிட முடியும். சக்கரம் வைத்த ஒரு ரோபோ, அதற்கு ஒரு கை. கட்டடத்துக்குள் நடைபாதையில் போக வேண்டும். ஆள் குறுக்கே வந்தால் நிற்க வேண்டும். அறைக்குள் மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ரோபோ பார்வையில் உள்ள தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வேலைக்குள்ளேயே வந்துவிடும். பளபளக்கும் உலோகம், வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, ஜன்னல் வழியாகச் சாயும் வெயில், தலைக்கு மேலே டியூப் லைட்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கண் மனிதக் கண்ணை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கும், டம்ளர் கைக்கு வந்து சேர்வதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. எந்தக் கண் எங்கே ஏமாறும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நம் கண்

மனித விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கிட்டத்தட்ட 10 கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். நூறு செல்லுக்கு ஒரு கம்பி என்ற கணக்கு. ஆகவே விழித்திரையே பெரிய அளவில் வடிகட்டி அனுப்புகிறது. ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் காட்டிலும், பக்கத்து இடத்தோடு எவ்வளவு வித்தியாசம், சற்று முன் இருந்ததோடு எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது. கூர்மையாகத் தெரிவதோ நடுவில் 2 டிகிரி அளவுக்கு மட்டும். கையை முழுதாக நீட்டினால் தெரியும் கட்டைவிரலின் அகலம் ஏறத்தாழ அவ்வளவு. அந்தச் சின்ன வட்டத்தை நொடிக்கு மூன்று முறை போல இடம் மாற்றி மாற்றி வைத்து, அறை முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

"மனிதக் கண் போல" என்று விளம்பரத்தில் வந்தால், இதில் எதைப் போல என்று கேட்டுக்கொள்வது நல்லது. வடிவமா? உருண்டையின் உட்புறத்தில் படிந்த விழித்திரையா? பழக்கமா, அதாவது மாறியதை மட்டும் சொல்லும் குணமா? அல்லது இரண்டு கண்கள் சேர்ந்து தூரத்தைக் கணிப்பதா? இந்த மூன்றையும் ஒன்றாகத் தரும் கண் கடையில் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மட்டும் காப்பியடிக்கிறது. லேசரால் தூரம் அளக்கும் லைடார் எதையும் காப்பியடிக்கவில்லை. ஆனாலும் வேலை செய்கிறது.

வளைந்த விழித்திரை: படிக்க வேண்டியது, வாங்க முடியாதது

வடிவத்தைக் காப்பியடித்ததில் பேர் வாங்கியது ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜியோங் ஃபான் குழு செய்த கண். 2020 மே மாதம் நேச்சர் இதழில் வந்தது. அரைக்கோள வடிவில் நுண்துளைகள் கொண்ட அலுமினியம் ஆக்சைடு, அந்தத் துளைகளுக்குள் ஒளியை உணரும் பெராவ்ஸ்கைட் நானோ கம்பிகள், கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்துக்குப் பதிலாக அயனித் திரவம். கம்பிகளின் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 46 கோடி. நம் விழித்திரைச் செல்களின் அடர்த்தி அதே பரப்பில் 1 கோடி அளவுதான். வெளிச்சத்துக்குப் பதில் சொல்ல இதற்கு ஆகும் நேரம் சுமார் 19 மில்லி நொடி. இதுவும் நம் கண்ணைவிட வேகம்.

தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் அந்தக் கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: படம் எடுக்கப் பயன்பட்டது 10க்கு 10, மொத்தம் 100 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னாலிருந்து திரவ உலோகம் நிரப்பிய மெல்லிய குழாய் ஒன்று கம்பியாகப் போகிறது. நானோ கம்பிகள் கோடிக்கணக்கில் இருந்தாலும், அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தெடுக்க வயர் இழுக்க முடியவில்லை. இயற்கை இந்தச் சிக்கலை நரம்பு இழைகளை வைத்துத் தீர்த்துக்கொண்டது. நம்மிடம் அதற்கு ஈடான வயரிங் இன்னும் இல்லை. 100 பிக்சலில் ஓர் எழுத்து எந்த எழுத்து என்று தெரியும். டம்ளரின் விளிம்பு தெரியாது.

வளைவால் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லென்ஸ் உருவாக்கும் பிம்பம் இயல்பாகவே வளைந்த பரப்பில்தான் கூர்மையாக விழும். அதைத் தட்டையான சிப்பில் ஓரம் வரை கூர்மையாக விழ வைக்கத்தான் கேமராவில் அத்தனை லென்ஸ்களை அடுக்குகிறார்கள். விழித்திரை வளைந்திருந்தால் ஒரே லென்ஸ் போதும், அகலமாகவும் தெரியும். பின்னாளில் சின்ன ரோபோக்களுக்கு இது பெரிய சௌகரியமாக அமையலாம்.

சீனாவின் ஃபுஜோ பல்கலைக்கழகத்தில் 2025ல் செய்த, சுமார் 40 நொடியில் கடும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும் குவான்டம் டாட் சென்சாரும் இந்த வரிசையில்தான் வரும். ஜார்ஜியா டெக்கில் செய்த, ஒளி பட்டாலே குவியத்தை மாற்றிக்கொள்ளும் ஜெல் லென்ஸும் அப்படித்தான். ஆய்வுக்கு அருமை. அடுத்த மாதம் ஓட வேண்டிய ரோபோவுக்கு ஆகாது.

மாறியதை மட்டும் சொல்லும் கண்

ஈவென்ட் கேமராவின் கதை வேறு. இதைக் காசு கொடுத்து வாங்க முடியும். மேலே சொன்ன மூன்றில் எனக்கு அதிகம் பிடித்ததும் இதுதான். கால்டெக்கில் கார்வர் மீடும் அவருடைய மாணவி மிஷா மஹோவால்டும் 1980களின் கடைசியில் விழித்திரையின் வேலையைச் சிலிக்கானில் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 2008ல் லிக்ஸ்டைனர், போஷ், டெல்ப்ருக் மூவரும் வெளியிட்ட 128க்கு 128 பிக்சல் சென்சார்.

இதில் ஃப்ரேம், அதாவது முழுப் படமாக ஒவ்வொன்றாக எடுப்பது, என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாகத் தன்மேல் விழும் வெளிச்சத்தைக் கவனிக்கிறது. முன்பு இருந்ததைவிடக் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ "கூடியது", "குறைந்தது" என்று ஒரு சேதி அனுப்புகிறது. கூடவே மைக்ரோ நொடிக் கணக்கில் நேரத்தையும் சொல்கிறது. மாற்றம் இல்லையா, சும்மா இருக்கிறது. வெளிச்சத்தின் அளவை விகிதமாகப் பார்ப்பதால், ஜன்னல் வெயிலும் மேசையடி நிழலும் ஒன்றாக இருக்கும் காட்சியிலும் திணறாது. சாதாரண கேமராவின் தாங்குதிறன் 60 டெசிபல் சுற்று, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. இதற்கு 120 டெசிபல், பத்து லட்சத்துக்கு ஒன்று.

வேகத்தைப் பார்க்க ஜூரிக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்கரமூஸா குழு 2020ல் காட்டிய ட்ரோன் நல்ல உதாரணம். எறிந்த பந்தைக் கண்டு விலகிப் பறக்கும். கண்டுணர ஆகும் நேரம் 3.5 மில்லி நொடி. நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் இரண்டு ஃப்ரேமுக்கு இடையிலேயே 33 மில்லி நொடி போய்விடும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதற்குள் 33 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். 3.5 மில்லி நொடியில் 3.5 சென்டிமீட்டர்தான் நெருங்கும். ட்ரோன் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

இப்போது நம் டம்ளர். மேசைமேல் அசையாமல் இருக்கிறது. ரோபோவும் அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. எதுவும் மாறவில்லை, ஆகவே சேதியும் இல்லை, டம்ளர் மறைந்துவிடும். நம் கண்ணுக்கும் இதே நோய் உண்டு. பார்வையை ஒரே புள்ளியில் அசையாமல் நிறுத்தினால் ஓரத்தில் உள்ளவை மெல்ல மங்கிப்போகும். அதைத் தடுக்கத்தான் நமக்குத் தெரியாமலே கண் எந்நேரமும் துளித்துளியாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2024ல் இந்த நடுக்கத்தையும் காப்பியடித்தது. ஈவென்ட் கேமராவுக்கு முன்னால் ஓர் ஆப்புவடிவக் கண்ணாடியைச் சுழல விட்டு, காட்சியை வட்டமாக ஆட்டி, பின்னர் அந்த ஆட்டத்தைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். அசையாத பொருளின் விளிம்பும் அப்படித் தொடர்ந்து தெரிகிறது. கண்ணைக் காப்பியடித்ததால் வந்த குறைக்குக் கண்ணிடமிருந்தே மருந்து எடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் கூடவே ஒரு மோட்டாரும் சுழலும் கண்ணாடியும் வந்து சேர்கின்றன.

இன்னொரு தொல்லை கூரையில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும், மலிவான எல்இடியும் அப்படியே. நம் கண்ணுக்குத் தெரியாது. ஈவென்ட் கேமராவுக்கு அந்த ஒவ்வொரு துடிப்பும் "மாற்றம்". எவர்சில்வர் டம்ளரில் மின்னும் டியூப் லைட்டின் கோடு நொடிக்கு நூறு தடவை "கூடியது, குறைந்தது" என்று கத்திக்கொண்டே இருக்கும். சோனியும் ப்ரொஃபஸியும் சேர்ந்து செய்த 1280க்கு 720 பிக்சல் ஐஎம்எக்ஸ்636 போன்ற சிப்புகளில் இதை வடிகட்டும் வசதி உண்டு. வடிகட்டியை இறுக்கினால் தேவையான மாற்றத்திலும் கொஞ்சம் போய்விடும்.

அப்புறம் மென்பொருள். பொருளை அடையாளம் காணப் பழக்கிய ஏஐ மாடல்கள் பெரும்பாலும் ஃப்ரேமை எதிர்பார்ப்பவை. சேதிகளின் ஓடையை அவற்றிடம் நேராகக் கொடுக்க முடியாது. சேர்த்து ஒரு படமாக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்க்கக் காத்திருக்கும்போது, எந்த வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதில் ஒரு பகுதியை நாமே தொலைக்கிறோம். ஒரே சிப்பில் இரண்டு பாதை வைத்து, ஒன்றில் நிதானமான வண்ணப் படம், இன்னொன்றில் வேகமான மாற்றங்கள் என்று பிரித்த சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் தியான்மோக் சிப் 2024ல் வந்தது. நொடிக்கு 10,000 ஃப்ரேம் வரை போகிறது. இந்தத் திசைதான் சரி என்று தோன்றுகிறது. கடைக்கு வரட்டும், பார்ப்போம்.

நடைபாதையில் நொடிக்கு ஒரு மீட்டர் போகும் வண்டிக்கு இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் 3.3 சென்டிமீட்டர்தான் கடக்கிறது. இதற்கு ஈவென்ட் கேமராவின் வேகம் தேவையில்லை.

ஒற்றைக் கேமரா, மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும்

மலிவு என்றால் இதுதான். ராஸ்பெரி பை கேமரா மாட்யூல் 3, 25 டாலர். ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் நமக்குத் தூரம் ஓரளவு தெரிகிறதல்லவா? அதே மாதிரி, ஒரே படத்திலிருந்து தூரத்தைக் கணிக்கும் மாடல்கள் வந்துவிட்டன. 2024ல் வந்த டெப்த் எனிதிங், அதே வருஷம் ஆப்பிள் வெளியிட்ட டெப்த் ப்ரோ ஆகியவை காட்டும் படங்கள் பார்க்கவே அழகு. டம்ளரின் விளிம்பு, நாற்காலிக் கம்பி எல்லாம் கத்தி வெட்டியதுபோல் வரும். எவர்சில்வரிலும் அவ்வளவாக ஏமாறாது, ஏனென்றால் டம்ளர் என்றால் என்ன உருவம் என்று ஏற்கெனவே "தெரியும்".

சிக்கல் அளவில். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை சரியாக வரும். 62 சென்டிமீட்டரா 68ஆ என்பதை நம்ப முடியாது. பெரிய டம்ளர் தூரத்தில் இருப்பதும் சின்ன டம்ளர் பக்கத்தில் இருப்பதும் ஒரே படமாகத்தான் விழும். மீட்டரிலேயே சொல்லும் மாடல்களும் இருக்கின்றன. அதுவும் பழக்கத்தால் வந்த ஊகம்தான். கை நீட்டும் ரோபோவுக்கு 6 சென்டிமீட்டர் என்பது டம்ளரைப் பிடிப்பதற்கும் தட்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

டெஸ்லா கேமராவை மட்டும் நம்பித்தானே ஓட்டுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2021ல் ரேடாரை விட்டார்கள், 2022ல் அல்ட்ராசோனிக்கையும் விட ஆரம்பித்தார்கள், உண்மை. ஆனால் அந்தக் காரைச் சுற்றிப் பல கேமராக்கள், ஓடிக்கொண்டே எடுக்கும் வீடியோ, லட்சக்கணக்கான வண்டிகளிலிருந்து சேர்ந்த பயிற்சித் தரவு. நம் பட்டறையில் அது எதுவும் இல்லை.

வாங்குவதானால் குளோபல் ஷட்டர் கேமராவாகப் பாருங்கள். சாதாரண கேமரா படத்தை வரிவரியாக எடுக்கிறது. வண்டி திரும்பும்போது கதவு நிலை சாய்ந்து தெரியும். எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் எடுக்கும் ராஸ்பெரி பை குளோபல் ஷட்டர் கேமரா 1.6 மெகாபிக்சல்தான், விலையும் 50 டாலர். ரோபோவுக்கு 12 மெகாபிக்சலைவிட அது மேல்.

இரண்டு கண்

இரண்டு கேமராவின் படங்களையும் பொருத்திப் பார்த்துத் தூரம் கணிப்பதுதான் ஸ்டீரியோ. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரண்டு கேமராவுக்கும் இடையே உள்ள இடைவெளி, பேஸ்லைன், எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் வரை நம்பலாம். நம் இரு கண்மணிகளுக்கு நடுவே சராசரியாக 6.3 சென்டிமீட்டர். செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மாஸ்ட்கேம்-இசட் கேமராக்களுக்கு நடுவே 24 சென்டிமீட்டர். வழி பார்க்கும் நாவ்கேம்களுக்கு 42. தூரத்துப் பாறையை அளக்க வேண்டும் என்பதால் மனித அளவை அங்கே யாரும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

நம் மேசைக்கு வருவோம். ரியல்சென்ஸ் டி435 கேமராவில் பேஸ்லைன் 5 சென்டிமீட்டர், படம் 1280 பிக்சல் அகலம், பார்வை 87 டிகிரி. 1 மீட்டரில் உள்ள பொருள் இரண்டு படங்களிலும் சுமார் 34 பிக்சல் தள்ளித் தெரியும். 4 மீட்டரில் 8 பிக்சல். பொருத்திப் பார்ப்பதில் கால் பிக்சல் தவறு என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர் பிழை. 4 மீட்டரில் 12 சென்டிமீட்டர். தூரம் நாலு மடங்கு, பிழை பதினாறு மடங்கு. ஆகவே டம்ளர் எடுக்க இது சரி; நீண்ட நடைபாதையின் கோடியில் நிற்கும் ஆளை அளக்க இதை நம்பக்கூடாது.

வெள்ளைச் சுவர் ஸ்டீரியோவுக்குப் பரம எதிரி. இரண்டு படத்திலும் வெறும் வெள்ளை. எதை எதோடு பொருத்துவது? அதற்குத்தான் டி435 கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைச் சுவரில் தூவுகிறது. வெயிலில் அந்தப் புள்ளிகள் கரைந்துபோகும், ஆனால் வெயில் விழும் வெளிப்புறத்தில் பொருத்திப் பார்க்கப் பொதுவாக வேறு அடையாளம் கிடைத்துவிடும். 2010ல் வந்த முதல் கினெக்ட் புள்ளிகளை மட்டுமே நம்பியிருந்ததால் வெயிலில் குருடாகிவிட்டது. இது சமாளித்துக்கொள்கிறது.

எவர்சில்வர் டம்ளர்தான் உண்மையான பரீட்சை. டெப்த் படத்தில், அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்று காட்டும் படத்தில், டம்ளர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கறுப்பு ஓட்டை. தூவிய புள்ளிகள் பளபளப்பில் பட்டு வேறெங்கோ தெறித்துவிடுகின்றன. ஓட்டைக்கு நடுவே செங்குத்தாக ஒரு கோட்டுக்கு மட்டும் தூரம் கிடைக்கும், அதுவும் தப்பு. அந்தக் கோடு டியூப் லைட்டின் பிம்பம். வளைந்த பரப்பில் தெரியும் தூரத்து விளக்கின் பிம்பம், ஆரத்தில் பாதியளவு பரப்புக்கு உள்ளே இருப்பதாகக் கணக்கு வரும். 3.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள டம்ளரில் 1.75 சென்டிமீட்டர். கேமரா பொய் சொல்லவில்லை, அது பார்த்தது டம்ளரையே இல்லை.

இதைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. மேசைப் பலகையின் தூரம் நன்றாகவே கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக்கொண்டு மேசையின் தளத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் எங்கே என்பதை வண்ணப் படத்தில் மாடல் காட்டிவிடும். டம்ளரின் அடிவிளிம்பு தெரியும் பிக்சலிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால் அது மேசைத் தளத்தை எங்கே வெட்டுகிறதோ, டம்ளரின் முன்விளிம்பு அங்கேதான் நிற்கிறது. டம்ளரின் ஆழத்தை அளக்கவே வேண்டாம். இருபது வரி நிரலில் முடிகிற வேலை.

மனிதக் கண் போலக் கேமராவும் திரும்ப வேண்டாமா? ஜெனோவாவில் இத்தாலியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஐகப் ரோபோவின் கண்கள் திரும்பும், கிட்டப் பார்க்கும்போது மூக்கை நோக்கிக் குவியவும் செய்யும். குழந்தை எப்படிக் கற்கிறது என்று ஆராயக் கட்டியது அது. அங்கே அந்த அசைவு தேவை. நம் வேலைக்கு அது வினை. ஸ்டீரியோ கணக்கு முழுவதும் இரண்டு கேமராவும் ஒன்றுக்கொன்று இம்மிகூட நகராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஒரு கேமரா அரை டிகிரி திரும்பிவிட்டால் மேலே சொன்ன படத்தில் 6 பிக்சல் போய்விடும். 4 மீட்டரில் மொத்தக் கையிருப்பே 8 பிக்சல்தான். மூளை இதைப் பிறந்ததிலிருந்து சரிசெய்துகொண்டே இருக்கிறது. நமக்குக் கெட்டியான அலுமினியச் சட்டமும், சட்டத்தில் முடுக்கிய ஒரே துண்டுக் கேமராவும் போதும்.

கிட்டப் பார்வையும் ஒரு குறை. டி435 முழுத் தெளிவில் 28 சென்டிமீட்டருக்கு உள்ளே பார்க்காது. கை டம்ளரை நெருங்கும் கடைசி நேரத்தில்தான் பார்வை அதிகம் வேண்டும். மணிக்கட்டில் டி405 போன்ற கிட்டப் பார்வைக் கேமராவை மாட்டுகிறவர்கள் இதற்காகத்தான் மாட்டுகிறார்கள். அது 7 சென்டிமீட்டர் வரை பார்க்கும்.

லேசர்

மனிதக் கண்ணோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரம் சொல்வது லைடார். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 2007ல் நடத்திய பந்தயத்தில் தானாக ஓடிய கார்களின் தலையில் சுழன்ற வெலோடைன் 64 லேசர் கருவி ஒன்றின் விலை சுமார் 75,000 டாலர். இன்று ஒரே தளத்தில் 360 டிகிரியும் சுற்றிப் பார்த்து 12 மீட்டர் வரை அளக்கும் ஆர்பிலிடார் ஏ1 ஏறத்தாழ 100 டாலர். நடைபாதை வரைபடம் போடவும், ஆளைக் கண்டு நிற்கவும், "நான் எங்கே இருக்கிறேன்" என்று தெரிந்துகொள்ளவும் இதைவிட மலிவான நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்தாலும் கவலையில்லை.

தளம் ஒன்றுதான் என்பதை மறக்கக்கூடாது. தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் மாட்டினால் மேசையின் நாலு கால்கள் தெரியும், 75 சென்டிமீட்டரில் உள்ள பலகை தெரியாது. கால்களுக்கு நடுவே வழி இருக்கிறதே என்று வண்டி உள்ளே போகும், கை பலகையில் இடிக்கும். கண்ணாடிக் கதவில் ஒளி ஊடுருவிப் போய்விடும்; கதவு அதற்கு இல்லவே இல்லை. லைடார் உயரத்தில் கதவில் ஒரு பட்டை ஒட்டலாம். கட்டடக்காரர் விடவில்லையென்றால் நூறு ரூபாய் சுற்றில் கிடைக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இரண்டை முன்னால் வையுங்கள். ஒலிக்குக் கண்ணாடியும் சுவர்தான்.

யூனிட்ரீ நிறுவனத்தின் ஜி1 மனித உருவ ரோபோவின் தலையைப் பாருங்கள். முகம் மாதிரி இருக்கும் இடத்தில் இருப்பது ஒரு டி435 டெப்த் கேமராவும், சுற்றிலும் பார்க்கும் லிவாக்ஸ் மிட்-360 லைடாரும். மனித உருவத்தை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்தவர்களே கண்ணுக்கு வந்ததும் மனித வழியை விட்டுவிட்டார்கள்.

கம்பெனி நிலைக்குமா

ஒப்பீடுகளில் யாரும் எழுதாத வரி இது. மைக்ரோசாஃப்ட் கினெக்டை நிறுத்தி, அஷூர் கினெக்டாகத் திரும்பக் கொண்டுவந்து, 2023ல் அதன் தயாரிப்பையும் நிறுத்தியது. இன்டெல் தன் எல்515 லைடார் கேமராவைக் கைவிட்டது. ரியல்சென்ஸ் பிரிவே 2025ல் தனி நிறுவனமாகப் பிரிந்து போனது. ஈவென்ட் கேமராவில் முன்னணியில் இருக்கும் பாரிஸ் ப்ரொஃபஸி 2024 அக்டோபரில் நீதிமன்றக் கண்காணிப்பில் மறுசீரமைப்புக்குப் போய், பிறகு புது முதலீட்டோடு மீண்டது. கேமராவிலிருந்து வரும் தரவை, ரோபோக்களுக்கான பொது மென்பொருளான ஆர்ஓஎஸ் வடிவத்தில் வாங்கி, அந்த நிறுவனத்தின் சொந்த நிரலை ஒரே கோப்பில் அடைத்து வையுங்கள். மாற்ற வேண்டிய நாள் வந்தால் அந்த ஒரு கோப்போடு போகும்.

என் தேர்வு

நம் வேலைக்கு: தலையில் அசையாமல் முடுக்கிய புள்ளி தூவும் ஸ்டீரியோ கேமரா, சுமார் 300 டாலர். கீழே 2டி லைடார், 100 டாலர். கண்ணாடிக்கு அல்ட்ராசோனிக். கையில் இன்னும் காசு மிஞ்சினால் மணிக்கட்டில் கிட்டப் பார்வைக் கேமரா. ஈவென்ட் கேமராவையோ 3டி லைடாரையோ யோசிப்பது அதற்குப் பிறகு. ஒற்றைப் படத்தில் தூரம் கணிக்கும் மாடலை ஓசியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். டெப்த் படத்தில் ஓட்டை விழுந்த இடத்தை நிரப்ப அது உதவும், அளவை ஸ்டீரியோவிடமிருந்து எடுத்துக்கொண்டால்.

வேலை மாறினால் தேர்வும் மாறும். கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே நிலையாக நின்று காய் பிரிக்கும் ரோபோ என்றால் பெல்ட் எவ்வளவு தூரத்தில் என்பது முன்பே தெரியும். 50 டாலர் குளோபல் ஷட்டரும் நல்ல விளக்கும் போதும், ஸ்டீரியோ தண்டச் செலவு. வயல், தோப்பு என்று வெளியே போகிறதென்றால் பேஸ்லைன் 12 சென்டிமீட்டராவது உள்ள ஸ்டீரியோ, அல்லது 3டி லைடார். வேகமாகப் பறப்பது, பறந்து வருவதைப் பிடிப்பது, அதிரும் இயந்திரத்தைக் கண்காணிப்பது என்றால் ஈவென்ட் கேமராவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு காசும் தகும்.

வாங்கும் முன் யாரிடமாவது ஒரு கேமராவை இரவல் வாங்கி, ரோபோ ஓடப்போகும் அதே கட்டடத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னலில் வெயில் சாயும் மாலை நேரமாக இருக்கட்டும். டம்ளரை வெறும் மேசையில் ஒருமுறை, வெள்ளைச் சுவரை ஒட்டி ஒருமுறை, டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஒருமுறை வைத்து டெப்த் படத்தைச் சேமியுங்கள். படம் மோசமாக வந்தால் கேமராவைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி 2 கேபிளைச் செருகியிருந்தால் கேமரா சத்தமில்லாமல் தெளிவைக் குறைத்துக்கொண்டுதான் வேலை செய்யும்.